ஆடிட் குழந்தைகள்

"அக்கா, உங்க ஊட்ல கைக்குழந்தை இருக்குதுங்களா? நாளைக்குக் காலையில கம்பெனிக்கு வேணும்."

தையல் செக்‌ஷனில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

கேட்டவள் தரணி. எச்.ஆர். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். அவள் குடும்பத்தில் முதல் டிகிரி, முதல் மாதச் சம்பளம்.

"குழந்தை எதுக்குங்க மேடம்?"

"ஆடிட்டுங்க. நம்ம பனியனை வாங்கற வெளிநாட்டுப் பையர்கிட்ட இருந்து மெயில் வந்திருக்குது. காப்பகத்துல குழந்தைங்க இருக்குதான்னு பார்ப்பாங்களாம்."

பிசிறு நூல் வெட்டிக்கொண்டிருந்த ராமாயி கத்தரியைக் கீழே வைத்தாள்.

"போன ஆடிட்டுக்கு மாஸ்க் குடுத்தீங்க, கையுறை குடுத்தீங்க. சாயங்காலமே திருப்பி வாங்கிட்டீங்க. புள்ளைகளையாச்சும் எங்ககிட்டயே விட்டிருவீங்களா கண்ணு?"

செக்‌ஷனே சிரித்தது. தரணி நோட்டில் எதையோ எழுதுவதுபோல் குனிந்துகொண்டாள். மேனேஜர் ராசப்பன் அவள் பின்னால் வந்து நின்றார்.

சண்முகப்பிரியா மட்டும் சிரிக்கவில்லை.

"எம் பையன் நித்தீஷுக்கு நாலு மாசங்க மேடம். ஆனா எடை ஏறலை. ஆறு மாசம் முடிய தாய்ப்பால் மட்டும்தான், புட்டிப்பால் கூடாதுன்னு நர்ஸம்மா திட்டறாங்க. இங்க வந்துட்டா எங்கீங்க குடுக்கறது? மாசக் கடைசியோட வேலையை விட்டு நின்னுக்கலாம்னு இருக்கறேன். அவனைக் காட்டினா ஆடிட்காரங்க கம்பெனியைத் தப்பா நெனச்சுக்க மாட்டாங்களா?"

"பரவால்லீங்கக்கா. கொண்டு வாங்க."

'குழந்தைகள் காப்பகம்' என்று போர்டு மாட்டிய அறையில் கூரை வரை அட்டைப்பெட்டிகள் இருந்தன. ஒரே மாலையில் காலி செய்தார்கள். மூன்று வருடமாகக் கவர் பிரிக்காத கரடி பொம்மையும் வெளியே வந்தது. எக்ஸ்போர்ட் பனியன் துணியில் தூளி கட்டினார்கள். அது இழுபட்டு இழுபட்டு, நித்தீஷ் மெல்லத் தரையில் வந்து இறங்கினான். அப்புறம் ராமாயியின் பழைய சேலைதான் கை கொடுத்தது.

ஆடிட் வரவில்லை.

"ஏனுங்க அம்மணி, என்னைக்குத்தான் வருவாங்களாம்?" என்றார் முதலாளி சாமியப்பன்.

"தேதி போடலீங்க சார். திடீர்னு வருவாங்களாம்."

"அப்ப தினமும் புள்ளைகளை வெச்சிருக்கோணுமா?"

"ஆமாங்க சார்."

முதல் நாள் வந்தவை மூன்று குழந்தைகள்; இரண்டு வாரத்தில் பதினொன்றாயின. ராமாயிக்குக் கத்தரி வேலை போய், தாலாட்டு வேலை வந்தது. பதினோரு மணிக்கும் மூன்று மணிக்கும் அம்மாக்கள் வந்து பால் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

புரொடக்‌ஷன் மேனேஜர் ராசப்பனுக்குத்தான் பொறுக்கவில்லை.

"இது பனியன் கம்பெனியா, பிரசவ ஆஸ்பத்திரியா? லைன்ல நாலு மெஷின் சும்மா நிக்குது!"

தினமும் காப்பக வாசலில் நின்று கத்தினார். ஒருநாள் தன் கேபினில் இருந்த டேபிள் ஃபேனையே தூக்கிவந்து, "சனியன், ஒரே சத்தம். எங்கயாச்சும் மூலையில போடுங்க" என்று அங்கே வைத்துவிட்டுப் போனார்.

மூன்றாவது வாரம் மழை. வராந்தாவில் பெட்டிகள் நனைந்தன. முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது.

"போதும். புள்ளைகளை நாளையிலருந்து ஊட்லயே விடச் சொல்லுங்க. பெட்டியை உள்ள அடுக்குங்க."

முதல் பெட்டி அறை வாசலைத் தொட்டபோது வாட்ச்மேன் நல்லான் மூச்சு வாங்க ஓடிவந்தான்.

"சார், கேட்டுக்குப் போன் வந்துச்சுங்க! ஆடிட் கார் அவிநாசி தாண்டிருச்சாமுங்க!"

பெட்டிகள் வந்த வேகத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் திரும்பிப் போயின. கார் மட்டும் வரவில்லை. தரணி சாயங்காலம் வரை கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாதக் கடைசியில் சண்முகப்பிரியா ஓடிவந்து நித்தீஷின் எடை அட்டையை நீட்டினாள்.

"எழுநூறு கிராம் ஏறியிருக்கான் மேடம்! இப்படியே குடுங்க, நிறுத்திராதீங்கன்னு நர்ஸம்மா சொன்னாங்க. நான் நிக்கலீங்க. ஆனா… ஆடிட் வந்துட்டுப் போயிட்டா, அப்புறம் இந்த ரூமு?"

தரணி பதில் சொல்வதற்குள் முதலாளி கூப்பிட்டார்.

"அம்மணி, அந்த மெயிலைக் காட்டுங்க. நானே படிச்சுப் பார்க்கறேன்."

தரணி மவுஸை அங்கும் இங்கும் உருட்டினாள். "சார்… அது வந்து…"

"நான் பார்த்தேனுங்க." வாசலில் ராசப்பன் நின்றார். "இந்த வருஷம் முடியறதுக்குள்ள எப்ப வேணா வருவாங்கன்னுதான் போட்டிருக்குது. ரூமைப் பூட்டறது உங்க இஷ்டமுங்க. ஆர்டர் போச்சுன்னா என்னைக் கேக்காதீங்க."

"ஐயோ, வேண்டாம். அப்படியே இருக்கட்டும்," என்றார் முதலாளி.

வெளியே வந்ததும் தரணி ராசப்பனை மறித்தாள்.

"சார், நீங்க எந்த மெயிலைப் பார்த்தீங்க? அப்படி ஒண்ணு வரவே இல்லீங்க. நானாத்தான்…"

"மெதுவாப் பேசுங்க அம்மணி. முதல் நாளே தெரியும். எல்லாரும் சிரிச்சப்ப நோட்டுல என்னமோ எழுதினீங்களே, எட்டிப் பார்த்தேன். வெறும் கோடு. நெசமா மெயில் வந்திருந்தா அப்படியா கிறுக்குவீங்க?"

"அப்புறம் ஏனுங்க சார் தினமும் அத்தனை திட்டு?"

"நானும் தூளி ஆட்டிட்டு நின்னா முதலாளிக்குச் சந்தேகம் வராதுங்களா?"

காப்பகத்தில் நித்தீஷ் வீறிட்டான்.

"ஏம்மா பிரியா, காது கிழியுது! போய்ப் பையனைப் பாரு!" என்று செக்‌ஷன் முழுக்கக் கேட்கும்படி கத்திவிட்டு, ராசப்பன் தரணியின் பக்கம் குனிந்தார்.

"இனியொருக்கா பெட்டியைத் தூக்கினா, கேட்டுக்கு நீங்க போன் பண்ணுங்க அம்மணி. எனக்குக் குரலை மாத்தத் தெரியலை, நல்லான் அன்னைக்கே கண்டுபிடிச்சுட்டான்."