எல்லாரும் வந்தாச்சு

முப்பதாவது அட்டையும் பெட்டியைத் தொட்டுவிட்டது.

பாட்டு வரவில்லை.

பெட்டியின் நெற்றியில் 30 என்று சிவப்பாக எரிந்தது. அவ்வளவுதான்.

வராது என்று அவளுக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்பின் டீச்சர் அவள். வகுப்புக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள், மாவட்டத்திலிருந்து வந்திருந்த தேர்வாளர்தான். இலை போட்டும் சோறு வராத விருந்தாளி மாதிரி நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தார்.

செருப்புக்கடை அட்டைப்பெட்டி அது. உள்ளே ஒரு சின்ன போர்டு, கொஞ்சம் ஒயர், ஒரு ஸ்பீக்கர். காலையில் வருகிற ஒவ்வொருத்தியும், முதுகில் சில்லு ஒட்டிய தன் அடையாள அட்டையை அதன் தலையில் வைத்து எடுக்க வேண்டும். எண் ஒன்று கூடும். வகுப்பு மொத்தமும் வந்துவிட்டால் பெட்டி பாடும்.

ஒயரைப் பற்றவைத்தது பத்துப் பேர். புரோகிராம் எழுதியது மாரிக்கனி.

மார்க்கெட்டில் கத்தரிக்காய்க் கடை வைத்திருக்கும் சந்தனம்மாளின் மகள். மாரிக்கனியிடம் பேரம் பேசி ஜெயித்தவர் ஊரில் இல்லை. டீச்சரும் தோற்றவள்தான். கடவுள் வாழ்த்து மெட்டு வைக்கலாமே என்றாள் டீச்சர். ஐஸ் வண்டி மெட்டுதான் என்று முடிந்தது.

எண்ணிக்கைக்கும் ஒரு பேரம் நடந்தது. முப்பத்தொரு பேரும் என்றைக்கு ஒன்றாக வந்து, என்றைக்கு இது பாடுவது? இருபத்தைந்து போதாதா?

இருபத்தெட்டு?

சரி, முப்பது?

“ஒண்ணு கொறஞ்சாலும் பாடாது டீச்சர். பொறவு எதுக்கு ‘எல்லாரும் வந்தாச்சு’ன்னு பேரு?”

புரோகிராமில் ஓர் ஓட்டை இருந்தது. ஒரே அட்டையை இரண்டு தடவை வைத்தால் பெட்டி இரண்டு ஆளாக எண்ணிவிடும். அதை அடைத்துவிடு என்று டீச்சர் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். பெற்ற அம்மா நிறுத்தாலும் தராசைத் தட்டிப் பார்க்கிற பெண், இதற்கு மட்டும் சிரித்தாள்.

“நம்ம புள்ளைக அப்படிச் செய்யாது டீச்சர்.”

மாரிக்கனிக்கு நாலு நாள் காய்ச்சல்.

ஐந்தாம் நாள் வகுப்பே மாலையோடு அவள் வீட்டுக்குப் போனது.

இருபத்து மூன்று நாளாகப் பெட்டி முப்பதில் நிற்கிறது. தினமும் முப்பது பேரும் அட்டையை வைக்கிறார்கள். தினமும் ஒரு நொடி நிற்கிறார்கள். பிறகு பையைத் திறக்கிறார்கள்.

ஒருத்தியும் இரண்டாம் தடவை வைக்கவில்லை.

இன்று பாடிவிட்டால் பெட்டி சென்னைக் கண்காட்சிக்குப் போகும். பலகையில் மாரிக்கனியின் பெயர் முதலில் இருக்கும். ரயிலில் ஜன்னல் சீட்டை அவள் ஆவணியிலேயே பேசி முடித்திருந்தாள்.

நேற்றுப் பள்ளி விட்டதும் டீச்சர் லேப்டாப்பைத் திறந்தாள். 31-ஐ அழித்து 30 என்று அடித்தாள். ஒரே ஒரு எண். பெட்டிக்குள் அனுப்ப ஒரே ஒரு தட்டு.

எதிராளி கடையில் இல்லாத நேரம் பார்த்துப் பேரத்தை முடிப்பதுபோல் இருந்தது.

மறுபடி 31 என்று அடித்துவிட்டு மூடினாள்.

“என்னம்மா, பாடலையே?” என்றார் தேர்வாளர்.

கடைசியாக அட்டை வைத்த ஜெபசெல்வி இன்னும் பெட்டியருகிலேயே நின்றிருந்தாள். மாரிக்கனியோடு மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்தவள். கையில் அட்டை. அட்டைக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு சாண்.

கை எழும்பியது.

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வைத்தால் வைக்கட்டும் என்றுதான் திரும்பினாள்.

சத்தமே இல்லை.

திரும்பிப் பார்த்தபோது அட்டை ஜெபசெல்வியின் சட்டைப் பைக்குள் போயிருந்தது.

“ஒரு ஆளு வரல சார்,” என்றாள்.

“லீவா?”

ஜெபசெல்வி தன் பெஞ்சுக்குத் திரும்பினாள்.

அவருக்கு இன்னும் மூன்று பள்ளிக்கூடம் பாக்கி. ‘இயங்கவில்லை’ என்று எழுதித் தாளை நீட்டினார். டீச்சர் கீழே கையெழுத்துப் போட்டாள். பேனா நன்றாகத்தான் எழுதியது.

சாப்பாட்டு மணி அடித்தது. பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்கள். டீச்சர் பிளக்கைப் பிடுங்கக் குனிந்தாள்.

“டீச்சர்.”

வாசலில் சந்தனம்மாள். கையில் மஞ்சள் பை. மார்க்கெட்டிலிருந்து நேரே வந்திருக்கிறாள். முந்தானையில் கத்தரிக்காய்க் காம்பு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

“பள்ளிக்கூடத்துச் சாமான் வீட்டுல கெடக்கு. அடுத்தவக பொருளு எங்கிட்ட இருக்கக் கூடாதுல்லா.”

ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். நூலகப் புத்தகம் இரண்டு. கபடிக்குக் கொடுத்த பனியன், துவைத்து மடித்தது. ஒரு ஸ்க்ரூ டிரைவர். அதைத் தேடி ஒரு வாரம் வகுப்பே ஒருத்தியை ஒருத்தி சந்தேகப்பட்டிருந்தது.

கடைசியாக அடையாள அட்டை. அதை மட்டும் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். போட்டோவைக் கட்டைவிரலால் ஒருமுறை துடைத்தாள்.

மேசையில் இடமில்லை.

பெட்டியின் மேல் வைத்தாள்.

31.

ஐஸ் வண்டி மெட்டு, கடைசிச் சுரம் பிசிறடிக்க, வகுப்பு முழுக்கக் கேட்டது.

வராந்தாவில் தட்டுகள் உருண்டன. சோற்றுக் கையோடு ஓடிவந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள் பிள்ளைகள். ஒருத்தியும் பெட்டியைப் பார்க்கவில்லை. மூன்றாம் பெஞ்சைப் பார்த்தார்கள்.

சந்தனம்மாள் பதறிக் கையை இழுத்துக்கொண்டாள்.

“அய்யய்யோ, எதையும் கெடுத்துட்டேனா டீச்சர்?”

மெட்டு முடியட்டும் என்று டீச்சர் காத்திருந்தாள்.

“இல்லக்கா,” என்றாள். “சரியாத்தான் வேலை செய்யுது.”