றைகம ஏற்றத்தில் பெண் பார்த்தல்

பெண் பார்க்க வந்தவன் நான். பெண்ணோ ஏற்றத்தின் உச்சியைத் தாண்டிப் போய் மறைந்துவிட்டாள்.

பாதி ஏற்றத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினேன். இரண்டு பக்கமும் றப்பர் மரங்கள். என்னைவிட வயதான ஒரு மனிதர் தோளில் பலாக்காயோடு என்னைக் கடந்து நடந்தே மேலே போனார்.

அறுபத்து மூன்று வயதில் இது தேவைதானா என்று கேட்டால், தேவைதான். மெல்பேர்னில் இருக்கும் மகன் ஜனாவுக்கு முப்பத்தைந்து ஆகிறது. வந்த சம்பந்தம் எல்லாவற்றையும் ஏதோ ஒரு நொட்டை சொல்லித் தட்டிக் கழித்தவன், கடைசியாக வீடு தேடி வந்த புதுத் தரகர் கொண்டுவந்த நிருஷாவின் படத்துக்கு மட்டும், "போய்ப் பாருங்கோ அப்பா, உங்களுக்குப் பிடிச்சால் எனக்கும் சரி" என்றான். இதையும் விட்டால் இனி இல்லை என்று எனக்கும் என் மனைவி மேனகாவுக்கும் பயம்.

வழக்கப்படி கோவிலில் வைத்து, தற்செயலாகக் காண்பதுபோல் பார்த்திருக்கலாம். ஆனால் சீலை உடுத்திக்கொண்டு காட்சிக்கு நிற்கமாட்டேன் என்று நிருஷா சொல்லிவிட்டாளாம். ஞாயிறு காலையில் கொழும்பில் எங்கள் வெள்ளவத்தையிலிருந்து ஒரு சைக்கிள் கூட்டத்தோடு போவாள், அதில் யாரும் சேரலாம் என்று தரகர்தான் துப்புக் கொடுத்தார்.

மேனகா என்னை அனுப்பிவைத்தாள். நிறம் எப்படி, நடை எப்படி, வாய்க்காரியோ என்றெல்லாம் பார்த்துக்கொண்டு வரவேண்டும். நான் யார் என்று மட்டும் மூச்சு விடக்கூடாது. காதல் கல்யாணம் என்றால் மேனகாவுக்கு ஆகவே ஆகாது. பெரியவர்கள் பார்த்து, விசாரித்துச் செய்வதுதான் நிலைக்கும் என்பது அவள் கட்சி.

போன வருடம் ஜனா லீவில் வந்தபோது வாங்கி, பல்கனியில் விட்டுப்போன சைக்கிளைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு வந்தேன்.

வந்து பார்த்தால் ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, கையுறை. பெண் பார்க்க வந்தவனுக்கு மூக்கு நுனி மட்டும்தான் தெரிந்தது. நடையைப் பார்க்கலாம் என்றால் அவள் சைக்கிளை விட்டு இறங்கினால்தானே.

பாமன்கடை, பிலியந்தலை, கெஸ்பேவ எல்லாம் தாண்டியதும் வீதி ஒடுங்கியது. வயல்கள் வந்தன. சேற்றில் கொக்குகள் நின்றன. பாசி பிடித்த விகாரை மதில் ஒன்று எங்களோடு வெகுதூரம் வந்தது. இது றைகம, முந்தி ஒரு சிற்றரசு இருந்த ஊர் என்று கூட்டத்தில் எனக்கு முன்னால் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்த பாஹிம் என்ற பெடியன் திரும்பிச் சொன்னான். நாற்பது வருடமாகக் கொழும்பில் இருக்கிறேன். இவ்வளவு கிட்டத்தில் இப்படி ஓர் இடம் இருப்பது தெரியாமல், வெள்ளவத்தைக் காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றே காலத்தை ஓட்டியிருக்கிறேன்.

வந்த வேலையை மறந்து வாயைப் பிளந்துகொண்டு சைக்கிள் ஓடினேன் என்பதை மேனகாவிடம் சொல்லப்போவதில்லை. அதற்குள் ஏற்றம் வந்துவிட்டது.

உச்சிக்குப் போனவள் திரும்பி இறங்கி வந்தாள்.

"உருட்டிக்கொண்டு வாங்கோ அங்கிள். இதில என்ன வெட்கம்" என்று தானும் இறங்கினாள்.

அப்போதுதான் நடையைப் பார்த்தேன். கை வீசி நடக்கிற நடை. மேனகா குறை சொல்லக்கூடும். ஆனால் நான் மூச்சு வாங்க நின்றபோதெல்லாம், ஏதோ பூவைப் பார்ப்பதுபோல் அவளும் நின்றாள். இரண்டு தடவை பூவே இருக்கவில்லை.

அந்த இடத்திலேயே எனக்குப் பிடித்துவிட்டது. இந்தப் பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. கூடவே கவலையும் வந்தது. கோவிலுக்கு வரவே சம்மதிக்காதவள், தரகர் காட்டிய படத்தை நம்பி முன்பின் தெரியாத என் மகனை எதற்குக் கட்ட வேண்டும்?

உச்சியில் ஒரு தேநீர்க்கடை. நான் பைப்படியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். நிருஷா சிங்களத்தில் எல்லோருக்கும் பிளேன்டீ சொன்னாள். கடைக்காரர் ஏதோ நம்பாதவர்போல் இரண்டாம் முறை கேட்டுவிட்டுச் சிரித்தார்.

கோப்பை வந்தது. ஒரு மிடறு குடித்தேன்.

மிளகு.

பிளேன்டீயில் மிளகுத்தூள் போட்டுக் குடிக்கிறவன் நான். சின்ன வயதில் மூச்சிழுப்புக்கு என்று பழகியது. சிரிப்பார்கள் என்று கடைகளில் ஒருநாளும் கேட்டதில்லை. வீட்டுக்கு ஆட்கள் வந்தால் மேனகாவும் போட்டுத் தரமாட்டாள். இது தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தி வெள்ளவத்தையில் என் போனுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

மற்றவன் மெல்பேர்னில் இருந்தான்.

வந்த சம்பந்தங்களை அவன் ஏன் தட்டிக் கழித்தான், போன வருட லீவில் எதற்குச் சைக்கிள் வாங்கினான், இந்தத் தரகரை எங்கள் வீட்டுக்கு அனுப்பியது யார், எல்லாம் அந்த ஒரு மிடறில் விளங்கியது. கோபம் வரும் என்று பார்த்தேன். சிரிப்புத்தான் வந்தது. கண்ணும் கொஞ்சம் கலங்கியது. மிளகு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிருஷா என் பக்கம் பார்க்கவில்லை. கல்லுப்போல் காற்று இருந்த டயருக்குக் குனிந்து நின்று பம்ப் அடித்துக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. மேனகா.

"இஞ்சேருங்கோ, பிள்ளை எப்பிடி?"

நல்ல பிள்ளை, நாங்கள் தேடின பிள்ளை இதுதான் என்றேன். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிறகு பழைய பயம் வந்துவிட்டது.

"உவன் ஜனா ஓம் எண்டுவானோ?"

நான் டயர்ப் பக்கம் கேட்கும்படி குரலை உயர்த்தினேன்.

"லேசில ஓம் எண்டு சொல்லமாட்டான். நான் கதைச்சுச் சம்மதிக்க வைக்கிறன்."

பம்ப் சத்தம் நின்றது.