கடைசி வரிசைப் பார்வையாளர்கள்

கோவளத்தில் பஸ் நின்றதும் சுமார் பத்துப் பேர் ஏறினார்கள். ஆண்களும் பெண்களுமாக, எல்லாரும் நன்றாக உடுத்தியிருந்தார்கள். நேராகப் பின்னால் போய்க் கடைசி இரண்டு வரிசைகளில் உட்கார்ந்தார்கள்.

கம்பியைப் பிடித்து நின்றிருந்த ஜாக்குலின் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.

எங்கள் பார்வையாளர்கள் வந்துவிட்டார்கள்.

நான் என் வசனங்களை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். நானும் ஜாக்குலினும் பள்ளிக்கூடத்திலிருந்தே தோழிகள். அவளுக்கு மருந்துக்கடையில் வேலை, எனக்குச் சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில். நடிக்க வேண்டும் என்ற ஆசை இரண்டு பேருக்கும் எப்போதும் உண்டு. எந்த மேடையும் எங்களை இதுவரை ஏற்றிக்கொண்டதில்லை.

கோவளத்து நாடக விழாவில் யார் வேண்டுமானாலும் நடிக்கலாம். தேர்வு கிடையாது, நடுவர் கிடையாது. இடத்தை மட்டும் நாமே பிடித்துக்கொள்ள வேண்டும். நாங்கள் போய்க் கேட்டபோது மீன் ஏலக்கூடம், பள்ளி மண்டபம், ஒரு ஹோட்டலின் மொட்டைமாடி எல்லாமே மற்ற குழுக்களுக்குப் போயிருந்தன.

விழாவை நடத்தும் பரணிதரன் கையை விரித்தார்.

"பஸ்ஸுல பண்ணா ஒத்துக்குவீங்களா சார்?" என்று கேட்டது ஜாக்குலின்தான்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுச் சரி என்றார். நாங்கள் முட்டுக்காட்டிலேயே ஏறிவிட வேண்டும். பார்வையாளர்கள் கோவளத்தில் ஏறிக் கடைசியில் உட்காருவார்கள். மற்ற பயணிகளுக்கு இது நாடகம் என்றே தெரியாது.

கூடவே ஒரு எச்சரிக்கையும் சொன்னார். விழாவுக்கு வருகிறவர்களில் சிலர் சும்மா பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். உள்ளே புகுந்து அவர்களும் நடிப்பார்கள். பயந்துவிடாமல் அவர்கள் போக்கிலேயே நடியுங்கள்.

பஸ் கிளம்பியது. ஜாக்குலின் ஆரம்பித்தாள்.

"ஏன் அண்ணி, என்னியப் பாத்ததும் மூஞ்சிய ஜன்னல் பக்கம் திருப்பிக்கினியே, அங்க இன்னா கீது?"

கதை இவ்வளவுதான். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணியும் நாத்தனாரும் ஒரே பஸ்ஸில் மாட்டிக்கொள்கிறார்கள். ஜன்னல் சீட்டில் தொடங்கும் சண்டை காதுகுத்து விருந்தில் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டது வரை போகிறது. கடைசியில் நாத்தனார் திருவிடந்தையில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் போகிறாள்.

அந்த முடிவில் எங்களுக்கு ரொம்பப் பெருமை.

இரண்டாவது வசனத்திலேயே பயம் போய்விட்டது. முன்சீட்டுக்காரர்கள் திரும்பி உட்கார்ந்தார்கள். ஒருவர் எனக்காகப் பேசினார், ஒருவர் ஜாக்குலினுக்காக. சத்தம் போட்டால் இரண்டு பேரையும் இறக்கிவிடுவேன் என்றார் கண்டக்டர். ஜாக்குலினுக்கு நிஜமாகவே கண்ணில் நீர் முட்டியது. எனக்கோ உள்ளுக்குள் குதிக்க வேண்டும் போலிருந்தது.

திருவிடந்தை வந்தது. ஜாக்குலின் பையைத் தூக்கிக்கொண்டு படியை நோக்கி நடந்தாள்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் விடுவிடுவென்று வந்து படியை மறித்துக்கொண்டு நின்றாள். ஐம்பது வயதிருக்கும். பச்சைப் பட்டுப்புடவை.

"இன்னாடி, எறங்கிப் போயிடுவியா? நானும் இப்பிடித்தான் எறங்கிப் போனேன். ஏழு வருசம் ஆச்சு. இன்னாத்தக் கண்டேன்?"

பரணிதரன் சொன்ன ஆள் இவள்தான் என்று புரிந்தது. நானும் எழுந்து போய் அவள் போக்கிலேயே நடித்தேன்.

"அவ வந்து மன்னிப்புக் கேட்டா நான் பேசுறேன்."

"நீதான பெரியவ? நீ பேசு!"

கண்டக்டர் விசில் கொடுக்க மறந்து நின்றார். அந்தப் பெண் என் கையை இழுத்து ஜாக்குலின் கையில் வைத்தாள். இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. என்ன நடிப்பு!

அதோடு விடவில்லை. இடுப்பிலிருந்து போனை எடுத்து யாரையோ அழைத்தாள்.

"ராஜம்... நாந்தான், கன்னியம்மா." போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "இன்னாடி அழுவுற? பஸ்ஸுல கீறேன். ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வா. பசங்களயும் இட்டுக்கினு வா. மீன் கொழம்பு வெக்கிறேன்."

எதிர்ப்பக்கம் ஒரு குரல் தேம்புவது எங்களுக்கே கேட்டது.

"யாருடி இந்தம்மா?" ஜாக்குலின் என் காதில் கிசுகிசுத்தாள். "போனுக்கு அந்தாண்டகூட ஆள் வெச்சிகீது!"

யாரோ கைதட்டினார்கள். பிறகு பஸ் முழுக்கக் கைதட்டல். எங்கள் முடிவைவிட இந்த முடிவு எவ்வளவோ மேல் என்று எனக்குத் தோன்றியது. நாங்கள் இருவரும் அழுதுகொண்டே சிரித்தோம்.

பட்டிபுலத்தில் கடைசி இரண்டு வரிசைக்காரர்களும் இறங்கினார்கள். கன்னியம்மா தலையில் இருந்த மல்லிகைச் சரத்தை இரண்டாகக் கிள்ளி எங்கள் இருவருக்கும் வைத்துவிட்டு இறங்கினாள்.

என் போன் அடித்தது. பரணிதரன். ஜாக்குலினும் பாராட்டைக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"சாரிம்மா, தப்பா நெனைக்காதீங்க. டீ குடிச்சிட்டு இருந்ததுல பஸ்ஸை விட்டுட்டோம். ஆடியன்ஸ் மொத்தமும் கோவளம் ஸ்டாப்லயே நிக்குது. அடுத்த பஸ்ல வெச்சுக்கலாமா?"

ஜாக்குலின் காலியாகக் கிடந்த கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னை.

"அப்ப, ராஜம்னு ஒருத்தி நெசமாவே கீறாளாடி?"