ஆடும் ஹாண்டில்

அச்சுவேலிச் சந்தைக்குப் பின்னாலிருக்கும் தன் கராச் வாசலில், துடைத்த ஸ்பனரையே ஏர்னெஸ்ட் மறுபடியும் துடைத்துக்கொண்டு நிற்கிறார். மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்தபோது நவரட்ணம் அவரை நம்பி விட்டுப் போன கனத்த மோட்டார் சைக்கிள், மண்ணெண்ணெய்ப் புகையோடு ஒழுங்கையில் ஒரு சுற்றுப் போய்த் திரும்பி வருகிறது. ஹாண்டில் இரண்டு பக்கமும் உதறுகிறது. அதைத் திரும்ப எடுக்க வந்திருக்கும் நவரட்ணம்தான் ஓட்டுகிறான்; பின்னால் இருக்கும் பொன்மலர் கணவனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருக்கிறாள். பொருளாதாரத் தடையால் எந்தக் கடையிலும் கிடைக்காத ஹாண்டில் போல்ஸை, ஹாண்டில் ஆடாமல் திரும்ப உள்ளே உருளும் அந்த இரும்புக் குண்டுகளை, போன மாரியில் இதிலிருந்து கழற்றித் தன் வண்டிக்குப் போட்டவர் ஏர்னெஸ்ட்தான். இதற்குள் உருளுவது தேய்ந்துபோன சைக்கிள் போல்ஸ். அவருடைய வண்டி பூவரசு நிழலில் சாய்ந்து நிற்கிறது. இலைகளுக்குள்ளால் விழும் வெயில் அதன் ஹாண்டிலில் மினுங்குகிறது.

"முந்தி கையை விட்டாலும் நேராய்ப் போற வண்டி அண்ணை," என்கிறான் நவரட்ணம். ஏர்னெஸ்ட் குனிந்து, ஏற்கெனவே இறுகியிருக்கும் நட்டை இறுக்குகிறார். நவரட்ணம் தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்க்கிறான். "அண்டைக்கு ஷெல் விழுந்த நேரத்திலையிருந்து என்ரை கைதான் நடுங்குது போல கிடக்கு. பொன்மலர், நீர் இறங்கி நடந்து வாரும்."

"ஓம் தம்பி," என்கிறார் ஏர்னெஸ்ட், நட்டைப் பார்த்தபடியே. "ஹாண்டிலைப் பலமாய்ப் பிடிச்சு ஓடும்."