கைராசிக்காரர்

ஊசி போடும் அறைக்கு வெளியே, இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு நின்றான் அவன். உள்ளே மகளுக்கு நிமோனியா தடுப்பூசி. பெற்றவள் தைரியமாக உள்ளே இருக்கிறாள், மீசை வைத்தவன் வெளியே நடுங்குகிறான் என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

வரிசையில் முதலாவதாகக் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"தலைப்பிள்ளையா தம்பி?"

ஒரு காதிலிருந்து மட்டும் விரலை எடுத்து, ஆமாம் என்று தலையாட்டினான்.

"எனக்கும் பயம்தான். ஆனா பக்கத்து வீட்டுப் பிள்ளை நெஞ்சுல சளி கட்டி, மூச்சுக்குப் பட்ட பாட்டைப் பார்த்தேன். அதுக்கு இந்த ஊசி எவ்வளவோ மேல்."

"தெரியும்க்கா. இருந்தாலும் அவ அழுதா எனக்குத் தாங்காது."

"பயப்படாதீங்க. இங்க ஊசி போடறவர் கைராசிக்காரராம். போட்டதே தெரியாதாம்."

அவன் தரையைப் பார்த்தான்.

உள்ளே வீல் என்று அழுகை கேட்டது. அவன் கண்ணும் கலங்கிவிட்டது. சற்று நேரத்தில் மனைவி குழந்தையோடு வெளியே வந்தாள்.

"நர்ஸம்மா போட்டுட்டாங்க. இவளே அழுகைய நிறுத்திட்டா, நீங்க இன்னும் நிறுத்தல. கண்ணத் துடைச்சுட்டு உள்ள போங்க, எல்லாரும் உங்களுக்காகத்தான் காத்திருக்காங்க."

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே உள்ளே போனான். கையைக் கழுவி, ஆணியில் மாட்டியிருந்த தன் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

"அடுத்த குழந்தையக் கொண்டாங்கக்கா. எறும்பு கடிச்ச மாதிரிதான்..."

தினமும் சொல்கிற வசனம், இன்று பாதியிலேயே நின்றுபோனது.

அந்த அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, குழந்தையோடு எழுந்தாள்.

"பயப்படாம போடுங்க தம்பி. நான் கூடவே இருக்கேன்."