பாட்டுக்கு நடுவே ஒரு குரல்

"உங்க மேல புகார் வந்திருக்கு சார்" என்றபடி உள்ளே வந்தார் வயர்லெஸ் இன்ஸ்பெக்டர். புகார் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரரும் கூடவே வந்தார்.

கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர், வீட்டில் லைசென்ஸோடு வைத்திருந்த தன் டிரான்ஸ்மிட்டர் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"எங்கம்மா ரேடியோவுல நிம்மதியா ஒரு பாட்டுக் கேட்க முடியல சார். நடுவுல இவர் குரல் வந்துடுது. 'மாத்திரை போட்டாச்சா? முழங்கால் வலி தேவலையா?'ன்னு எந்த ஊர் சிநேகிதரையோ விசாரிச்சுக்கிட்டே இருக்கார்."

இன்ஸ்பெக்டர் மீட்டரை மாட்டிப் பார்த்துத் திகைத்தார்.

"என்ன சார் இது? ஆம்ப்ளிஃபயரை அது தாங்குற அளவுக்கு மேல முறுக்கி வச்சிருக்கீங்க. சிக்னல் சிதைஞ்சு, பக்கத்து ரேடியோவுலயெல்லாம் போய் விழுது. தூரத்துல இருக்கறவருக்கு ஒரு வார்த்தைகூடப் புரியாதே! உங்க அனுபவத்துக்கு இது தெரியாதா?"

"தெரியும்" என்றார் பெரியவர்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா லைசென்ஸ் போயிடும்" என்று எச்சரித்துவிட்டு, இன்ஸ்பெக்டரே குமிழைத் திருகிச் சரிசெய்தார்.

"பேசிப் பாருங்க."

பெரியவர் மைக்கில் ஏதோ முணுமுணுத்தார். மீட்டர் முள் ஒழுங்காக நின்றது. பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

சற்று நேரத்தில் அவருடைய அம்மா ரேடியோவைத் தூக்கிக்கொண்டு, முழங்கால் வலியோடு நொண்டியபடி உள்ளே நுழைந்தார்.

"இதுக்கு என்னடா ஆச்சு? திடீர்னு வெறும் பாட்டா வருது!"

பெரியவர் பதறி எழுந்து, தன் நாற்காலியை அந்த அம்மாள் பக்கம் நகர்த்தினார்.

"உட்காருங்க. நேர்ல பேசத்தான் இத்தனை நாளா கூச்சமா இருந்தது."