எழுதாதவர்கள் கையைத் தூக்கவும்

“எழுதினது யாருன்னு நான் கேட்கவே மாட்டேன்” என்றார் மேனேஜர், மூன்றாவது தடவையாக.

கேட்டால் வேலை போய்விடும். எங்கள் வேலை இல்லை, அவருடையது. புகார் எழுதியவரின் பெயரைத் துருவக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதைக் கவனித்துக்கொள்ள தலைமை அலுவலகம் ஒரு வக்கீலம்மாவை அனுப்பியிருந்தது. ‘யா’ என்று மேனேஜர் வாயைத் திறக்கும்போதெல்லாம் அந்தம்மா இருமினார். அரை மணி நேரத்தில் நாற்பது இருமல். சுவரிலிருந்த பல்லி பயந்து வேறு அறைக்குப் போய்விட்டது.

மேசைமேல் இரண்டு பக்கக் கடிதம். தட்டச்சு. பெயர் இல்லை. உள்ளே இருந்தது அத்தனையும் நிஜம், எங்கள் நாலு பேருக்கு மட்டுமே தெரிந்த நிஜம்.

கேஸ் சிலிண்டரைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வருகிறதா என்று பார்த்து அனுப்புவது எங்கள் வேலை. நாலு மாதமாகத் தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அதில் குடியேறிய சிலந்தி பேரன் பேத்தி எடுத்துவிட்டது. சிலிண்டர்கள் மட்டும் சீல் வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தன.

மேனேஜர் திடீரென்று சிரித்தார். பக்கத்தில் பால் இருந்திருந்தால் திரிந்திருக்கும்.

“சரி, எழுதினவங்கள விடுங்க. எழுதாதவங்க கையைத் தூக்குங்க.”

இருமல் வரவில்லை. வக்கீலம்மா அவசரமாகச் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார்.

மூன்று கை எழுந்தால் போதும். எழாத நாலாவது கைக்கு, அடுத்த மாதம் வேறு ஏதாவது காரணத்தில் சீட்டு கிழியும்.

மேனேஜர் எமகாதகர், பழக்கத்தில் எங்கள் கை தானாக எழும் என்று தெரிந்தவர். எங்கள் ஷெட்டில் கம்ப்ரசர் போடும் சத்தத்தில் பேச்சு காதில் விழாது. சிலிண்டர் சரி என்றால் கையைத் தூக்குவோம். ஒரு நாளைக்கு அறுநூறு தடவை. உறக்கத்திலும் தூக்கி மூன்று கொசுவலை கிழித்தவன் நான். காய்ந்த தொட்டிக்கும் இத்தனை நாள் தூக்கியவர்கள்தான் நாங்கள்.

எங்களில் இளையவன் ஒல்லி. அவன் கை தோள்வரை வந்தது. காதைச் சொறிந்துகொண்டு இறங்கிவிட்டது.

அக்கா இரண்டு கையையும் பையின் வாரில் சுற்றிக்கொண்டார். அவர் சம்பளத்தில் ஐந்து வயிறு.

ரேடியோ, வாயே திறக்காததால் அந்தப் பெயர், மேசைக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் வலது கை தொடைமேல் துடித்தது. ஓய்வுக்கு இன்னும் ஏழு மாதம். இடது கையால் அமுக்கிப் பிடித்தேன்.

ஒரு நிமிடம். இரண்டு. ஒரு கையும் எழவில்லை.

வக்கீலம்மா புத்தகத்தை மூடினார். “நீங்களும் கையைத் தூக்கலையே சார்?”

மேனேஜரின் கை பாதி எழுந்து, வெட்கப்பட்டு, தலையைக் கோதியது. “போங்க எல்லாரும்.”

படிக்கட்டில் ஒல்லி என் சட்டையைப் பிடித்து இழுத்தான். “பெரியவரே, உங்க வேலைதானே இது? இப்படிச் சாகடிக்கிறீங்களே!”

“பின்ன, உன் மூஞ்சிக்கு ரெண்டு பக்கம் எழுத வருமா? நான்தான்டா” என்றபடி முன்னால் இறங்கினேன்.

அன்றைக்கு நான் சொன்ன முதல் பொய் அது.

பின்னால் மூன்று பேரும் மூச்சு விட்டார்கள். அதில் ஒன்று மட்டும் ரொம்ப நேரம் நீண்டது.

யாருடையது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.